சாமை கேட்டால் மெத்தை

வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு, கல்வராயன் மலையில் விளைந்த சாமையை நான் இலவம்பஞ்சு மெத்தையாக மாற்றினேன். மந்திரம் எதுவும் இல்லை. ஒரு கோப்பின் பெயரை மாற்றினேன், அவ்வளவுதான். மாற்றிவிட்டு, ஏதோ நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியில் ஒரு டீயும் சொன்னேன்.

கள்ளக்குறிச்சி கச்சேரி சாலையில் என் மாமனார் பக்கீர் முகமது மெத்தைக் கடை வைத்திருக்கிறார். அதன் மாடியில் ஓர் அறை எனக்கு. வெளியே 'சுபைர் வெப் சொல்யூஷன்ஸ்' என்று போர்டு மாட்டியிருக்கிறேன். சொல்யூஷன்தான் பன்மை, உள்ளே இருக்கிற ஆள் ஒருமை. என் மனைவி ஜெபீனா அந்தப் போர்டை முதல்முறை படித்தபோது, "சொல்யூஷனை வெளிய எழுதிட்டீங்க, பிராப்ளம் உள்ள உக்காருமா?" என்று கேட்டாள். அவள் எதையும் கேள்வியாகத்தான் சொல்வாள்.

என் சாம்ராஜ்யம் வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு சர்வர். அதில் ஏழு இணையதளங்கள். ஒரே காம்ப்ளெக்ஸில் ஏழு கடை, உள்ளே போக ஒரே வாசல், வாசலில் ஒரு வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் எந்தக் கடையின் பெயரைச் சொல்கிறாரோ, அந்தக் கடைக்கான சீட்டைப் பார்த்து வாட்ச்மேன் வழிகாட்டுவான். கடைக்கு ஒரு சீட்டு. அந்தச் சீட்டுகளை எழுதி வைப்பதுதான் என் வேலை. சீட்டு இல்லாத கடையை யாராவது கேட்டால் 'தெரியாது' என்று சொல்ல மாட்டான். மானஸ்தன். வரிசையில் எந்தச் சீட்டு முதலில் இருக்கிறதோ, அந்தக் கடைக்குள் ஆளைத் தள்ளிவிட்டுவிடுவான்.

எங்கள் சர்வரில் முதல் சீட்டு மாமனாருடையது. தொண்ணூறுகளில் டெலிபோன் டைரக்டரியில் முதலாவதாக வரவேண்டும் என்பதற்காகவே கடைக்கு 'ஏ ஒன் மெத்தை மாளிகை' என்று பெயர் வைத்தவர் அவர். டைரக்டரி போய்ச் சேர்ந்துவிட்டது. முதலிடம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

அன்று காலை எனக்குச் சுத்தம் செய்யும் ஆசை வந்தது. என் வீட்டு அலமாரியைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். சர்வரில் சாமைத் தளத்துக்கு இரண்டு சீட்டுகள் கிடந்தன. ஒன்று சோதனைக்காக முன்பு எழுதியது, இன்னொன்று இப்போது ஓடிக்கொண்டிருப்பது. பழையதை அழித்துவிட்டு, புதியதை அப்படியே விட வேண்டும். நான் செய்தது இது: பழையதைச் சரியாக அழித்தேன். அப்புறம், எதற்கும் இருக்கட்டும் என்று, புதியதன் பெயருக்குப் பின்னால் 'ஓல்டு' என்று ஒட்டினேன். ஏன் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. கை செய்த வேலை. வாட்ச்மேன் வால் ஒட்டிய சீட்டுகளைப் படிக்கமாட்டான். சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட்டினேன். டீ வந்தது.

அந்தச் சாமைத் தளம் கோகிலவாணியுடையது. வெள்ளிமலைக்குப் பக்கத்தில் அவள் ஊர். பி.ஏ. முடித்தவள். அங்கே பதினான்கு குடும்பங்கள் சாமை போடுகின்றன. அறுப்பு முடிந்ததும் சின்னசேலத்திலிருந்து ஒரு வியாபாரி டெம்போவோடு மலையேறி வருவார். அவர் சொல்வதுதான் விலை, அவர் நிறுப்பதுதான் எடை. "இந்த வருசம் குடுக்காதீங்க, நான் வித்துத் தரேன்" என்று கோகிலவாணி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். ஜனங்கள் அவள் பேச்சை நம்பினார்கள். டெம்போ வெறுமையாக இறங்கிப் போனது. மூட்டைகள் வீட்டுக்குள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன.

சென்னையில் நாலைந்து கிளைகள் உள்ள ஒரு சிறுதானியக் கடைக்கு அவள் மாதிரிப் பாக்கெட்டுகள் அனுப்பியிருந்தாள். அந்தக் கடைக்குச் சரக்கு வாங்குகிற சிவசங்கர் என்பவர், வியாழக்கிழமை மூன்று மணிக்கு முதலாளிகளோடு உட்கார்ந்து முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார். பாக்கெட்டில் உள்ள கியூஆர் கோடை அவர்கள் முன்னாலேயே போனில் காட்டி, யார் விளைவித்தது, எந்த நிலம், எல்லாம் படத்தோடு காட்டப் போகிறார். "சாமையை எல்லாரும் குடுக்கறாங்க, வெளைச்சவங்க முகத்தைக் காட்டறவங்க கம்மி" என்றாராம்.

அவர்கள் வேண்டாம் என்றால் அந்த டெம்போவைத்தான் திரும்பக் கூப்பிட வேண்டும். வெறுமையாக இறங்கிப் போனவர் இந்தமுறை என்ன விலை சொல்வார் என்று பதினான்கு வீட்டுக்கும் தெரியும். பேச்சைக் கேட்டுக் கெட்டோம் என்று யாரைச் சொல்வார்கள் என்று கோகிலவாணிக்கும் தெரியும்.

அந்த கியூஆர் கோடைக் காட்டினால் வந்து நிற்கிற கடைக்குத்தான் நான் சீட்டைக் கிழித்திருந்தேன்.

பத்தே முக்காலுக்குப் போன் வந்தது.

"அண்ணா, கோகிலா பேசறேன். சாப்டீங்களா?"

"ஆச்சும்மா. சொல்லு."

"ஒண்ணும் இல்லைங்கண்ணா. சும்மாதான். நம்ம சைட்டு நல்லா இருக்குதுங்களா?"

லேப்டாப்பில் தட்டிப் பார்த்தேன். சாலம்மாள் வந்தார். கோகிலவாணியின் சித்தி. கையில் முறத்தோடு, படமெடுத்த என்னை முறைத்தபடி, முகப்புப் பக்கம் முழுக்க நிறைந்திருந்தார்.

"ஜம்முனு இருக்கும்மா."

"அப்படிங்களா. இங்க கொஞ்சம் வேற மாதிரி... இல்லைங்கண்ணா, எங்க போன் பழசு. பரவால்லைங்க."

"மலையில சிக்னல் கம்மி. ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"சரிங்கண்ணா. நல்லாத்தான் இருக்குதுங்க."

போனை வைத்துவிட்டாள். உலகத்தில் என் தொழில் செய்கிற அத்தனை பேரும் சொல்கிற அறிவுரையைச் சொல்லிவிட்ட நிம்மதியில் நானும் வைத்துவிட்டேன்.

பதினொன்றரைக்கு மாமனார் மூச்சுவாங்க மாடியேறி வந்தார். அவர் மாடியேறினால் விஷயம் பெரியது என்று பொருள்.

"மாப்ள, இப்பல்லாம் மெத்தையில சாமை போட்டுத் தெக்கறாங்களா?"

"இன்னா மாமா சொல்றீங்க?"

"மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தர் போன் பண்ணாரு. சிவசங்கராம். சாமை எத்தினி மூட்டை இருக்குன்னு கேக்கறாரு. இலவம்பஞ்சு கேள்விப்பட்டிருக்கேன், தேங்கா நாரு கேள்விப்பட்டிருக்கேன். சாமையைப் போட்டுப் படுத்தா முதுவு இன்னாத்துக்கு ஆவும்?"

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இன்னா சொல்றது? வந்துக்கினு இருக்கு, நாளைக்குக் கெடைக்கும்னேன்."

இதை நீங்கள் பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாமனாரின் கடையில் 'இல்லை' என்ற சொல்லுக்கு இடம் கிடையாது. அரிசி தீர்ந்தால் வீட்டில் 'நெறைஞ்சிருக்கு' என்று சொல்கிறோம் அல்லவா, அந்தப் பழக்கத்தை அவர் கல்லாவரைக்கும் கொண்டுவந்துவிட்டார். கேட்ட அளவு மெத்தை கடையில் இருக்காது. ஆனால் 'வண்டி உளுந்தூர்பேட்டை தாண்டிடுச்சு.' கேட்ட நிறம் இருக்காது. 'அடுத்த லோடு அதான்.' கடையில் வேலை செய்கிற சர்புதீனுக்குப் பெண் பார்க்கப் போனபோது, வீடு சொந்தமா என்று பெண்ணின் அத்தா கேட்டிருக்கிறார். சர்புதீன் யோசிக்காமல், "வந்துக்கினு இருக்குங்க" என்றானாம். கல்யாணமும் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

நான் மறுபடி லேப்டாப்பில் பார்த்தேன். சாலம்மாள். என் போனில் பார்த்தேன். சாலம்மாள். கீழே இறங்கி, சர்புதீன் போனில் பார்க்கச் சொன்னேன்.

"சூப்பரா இருக்கு பாய். இந்தம்மா யாரு, நம்மளையே மொறைச்சிக்கினு இருக்கு?"

மூன்று சாட்சிகள். தீர்ப்பு எழுதிவிட்டேன்: சென்னைக்காரர் நம்பரைத் தப்பாக அழுத்தியிருக்கிறார். சென்னையில் இருக்கிற ஒரு மனிதர், சாமை வாங்குவதற்காக, கள்ளக்குறிச்சி மெத்தைக் கடையின் நம்பரை எங்கிருந்து பிடித்தார் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. என் கண்ணுக்குச் சரியாக இருந்தால் தப்பு உலகத்தின் மேல்தான் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. உளுந்தூர்பேட்டையில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் தீனதயாளனைக் கூப்பிட்டேன். அவருடைய தளமும் என் சர்வரில்தான் இருக்கிறது.

"தீனா சார், ஒரு உதவி. நம்ம மலைச் சாமை சைட்டைக் கொஞ்சம் தொறந்து பாத்துச் சொல்லுங்களேன்."

"பாத்துட்டேன் தலைவா. சூப்பர்!"

இரண்டு நொடியில் சொல்லிவிட்டார். பின்னாலிருந்து லாரி ரிவர்ஸ் எடுக்கிற பாட்டும், "ரைட்ல ஒடி, ரைட்ல ஒடி" என்று அவரே கத்துவதும் கேட்டன. இரண்டு நொடியில் அவரால் போனின் பூட்டைக்கூடத் திறக்க முடியாது. ஆனால் நண்பன் கேட்டால் சூப்பர் என்று சொல்ல வேண்டும், அது மரியாதை.

கோகிலவாணிக்கு வாட்ஸப் அனுப்பினேன்: 'உன் போன்ல என்ன தெரியுதோ அதை அப்படியே படம் எடுத்து அனுப்பு.' ஒற்றை டிக் விழுந்தது. பத்து நிமிஷம் ஆகியும் ஒற்றை டிக். கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

ஜெபீனா சாப்பாட்டுக் கேரியரோடு மேலே வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு இதுக்கு முன்னாடி என்னிக்காவது சும்மா போன் பண்ணியிருக்கா?" என்று கேட்டாள்.

பண்ணியதில்லை. அவளைத் தெரிந்த இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட இல்லை. கோகிலவாணி எப்போதும் எழுதிவைத்துக்கொண்டு பேசுகிற பெண்.

"அப்ப இன்னாத்துக்கு இன்னும் உக்காந்துக்கினு இருக்கீங்க?"

கேரியரைப் பிரிக்கவில்லை. லேப்டாப்பைப் பையில் போட்டு வண்டியை எடுத்தேன். கோகிலவாணியின் போனில் என்ன தெரிகிறது என்பதைக் கோகிலவாணியின் போனில்தான் பார்க்க முடியும் என்கிற அளவுக்கு என் தொழில்நுட்ப அறிவு முதிர்ந்திருந்தது. மலையேறி வெள்ளிமலை போய்ச்சேர எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும். மணி பன்னிரண்டு இருபது.

கச்சிராயபாளையம் தாண்டினால் மலைப்பாதை தொடங்கிவிடும், அப்புறம் சிக்னல் இஷ்டத்துக்கு வரும், போகும். அதனால் ஏறுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கலாமென்று இருசப்பன் டீக்கடையில் நிறுத்தினேன். கோகிலவாணி கிடைக்கவில்லை. பழக்கதோஷத்தில் விரல் தளத்தைத் திறந்தது.

சாலம்மாள் இல்லை. என் மாமனார் இருந்தார்.

போன வருஷம் ரம்ஜான் தள்ளுபடிக்காக நானே எடுத்த படம். கோட்டு போட்டுக்கொண்டு, ஆறடி மெத்தைமேல் கால்மேல் கால் போட்டு, பக்கீர் முகமது சிரித்துக்கொண்டிருந்தார். 'முதுகுவலிக்கு விடை கொடுங்கள்.' கீழே கொட்டை எழுத்தில் கடையின் போன் நம்பர். மேலே முகவரியில் மலைச் சாமை என்றுதான் இருந்தது. ஏழு கடைக்கும் சேர்த்து ஒரே பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கிச் சிக்கனம் பண்ணியிருந்தேன் அல்லவா, அதனால் இது வேறு இடம் என்று பிரவுசர்கூட எச்சரிக்கவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா பாய், மூஞ்சி ஒருமாதிரி ஆயிடுச்சி? வூட்ல யாருக்குன்னா ஒடம்பு சரியில்லையா?" என்றார் இருசப்பன்.

"எனக்குத்தாங்க. தலையில."

ஊரில் எல்லாம் சரியாகத் தெரிந்ததே, அரைமணி நேரத் தூரத்தில் எப்படி மெத்தையானது? யோசிக்க யோசிக்கப் புரிந்தது. சாமைத் தளத்தைக் கட்டிக்கொண்டிருந்த நாட்களில், அதன் நகல் ஒன்றை என் மேஜைக்கு அடியில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் வைத்திருந்தேன். என் வைஃபையில் இருந்து யார் அந்தப் பெயரைக் கேட்டாலும் வெளியே போகாமல் மேஜைக்கு அடியிலேயே போய்ப் பார்க்கும்படி ஏற்பாடு செய்திருந்தேன். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்கவில்லை. மாமனார் கடைக்கும் அதே வைஃபையைத்தான் தானம் பண்ணியிருக்கிறேன். ஆக, காலையிலிருந்து நானும் என் போனும் சர்புதீனும் பார்த்து மெச்சியது என் காலடியில் இருந்த நகலை. மூன்று சாட்சிகள் என்று எண்ணினேனே, மூன்றும் ஒரே ஆள்.

லேப்டாப்பைத் திறந்தேன். போனிலிருந்து இணையத்தை இழுத்தேன். மடியில் கம்ப்யூட்டர், பக்கத்தில் மசால்வடைத் தட்டு. மணி ஒன்று ஐந்து.

முதலில் வாட்ச்மேனிடமே கேட்டேன்: உனக்குத் தெரிந்த கடைகள் எத்தனை? அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. ஆறு என்றான். மெத்தை, லாரி, திருமண மண்டபம், பல் மருத்துவர், இன்னும் இரண்டு. சாமை இல்லை. சீட்டுகள் இருக்கும் இடத்தைத் திறந்து பார்த்தேன். கடைசியில் கிடந்தது, 'ஓல்டு' என்ற வாலோடு. என் கைப்பட ஒட்டிய வால். காலை பத்தேகால் என்று நேரமும் போட்டிருந்தது. தப்பு செய்தவன் கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டுப் போகிற ஒரே தொழில் எங்களுடையது.

வாலை வெட்டினேன். எழுதியதில் பிழை உண்டா என்று சோதித்தேன். பிழை இல்லை என்றது. போனில் திறந்தேன். மாமனார் சிரித்தார்.

மறுபடி திறந்தேன். மாமனார்.

"யாரு பாய் அது, உங்க தலைவரா?" இருசப்பன் எட்டிப் பார்த்தார்.

"மாமனாருங்க."

"அதான் போவ மாட்டன்றாரு."

எங்கே தப்பு? பெயர் சரி, இடம் சரி, சோதனையும் சரி. ஒரு முழு வடையைத் தின்று முடித்த பிறகுதான் புரிந்தது. வாட்ச்மேன் சீட்டுகளை வேலைக்கு வந்தவுடன் ஒருமுறைதான் படிப்பான். நடுவில் நான் எத்தனை சீட்டு எழுதிப் போட்டாலும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான், 'திரும்பப் படி' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காலையில் கெடுக்கும்போது ஞாபகமாகச் செய்தேன். சரிசெய்யும்போது மறந்துவிட்டேன்.

சொன்னேன். திறந்தேன். மாமனார் போனார், சாலம்மாள் முறத்தோடு வந்தார். அந்த முறைப்பை அவ்வளவு பிரியத்தோடு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் என் கண்ணை இனி நான் நம்பத் தயாராக இல்லை. வெள்ளிமலையிலிருந்து இறங்கிய ஜீப் ஒன்று கடை முன்னால் நின்றது. ஓட்டிவந்த அம்மாசி டீ வாங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க போன்ல இதைத் தொறந்து, இன்னா தெரியுதுன்னு சொல்லுங்களேன்."

திறந்தார். பார்த்தார். "தெரியுதுங்க."

"இன்னா தெரியுது?"

"எல்லாம் தெரியுதுங்க. நல்லாருக்குது."

போனைக் கிட்டத்தட்டப் பிடுங்கிப் பார்த்தேன். சாலம்மாள்தான். அம்மாசியும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தார். "அட, நம்ம சாலம்மாக்கா! இதுங்கூட போன்ல வருதா? ஏறுனா ஜீப்புல முன் சீட்டுதான் வேணுங்குமே!"

சிவசங்கரின் நம்பர் மாமனாரிடம் இருந்தது. கூப்பிட்டேன்.

"அவரா? தங்கமான மனுசன் மாப்ள. திருப்பியும் பேசுனாரு. அவங்க குடோன்ல தங்கற பசங்களுக்கு ஆறு மெத்தை சொல்லிட்டாரு. சாமையை மட்டும் விடமாட்டன்றாரு. இன்னும் இன்னாதான் சொல்றது, வண்டி உளுந்தூர்பேட்டை தாண்டிடுச்சுன்னுட்டேன்."

சிவசங்கருக்குப் போன் போடும்போது, என் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் தயாராக நின்றது: 'சர்வர் டவுன் சார்.' எங்கள் தொழிலில் அதுதான் 'வந்துக்கினு இருக்கு.' யாருடைய தப்பு என்று எவரும் கேட்கமாட்டார்கள், மழை பெய்தது என்று சொல்வது போல. ஆனால் அப்படிச் சொன்னால் சென்னையில் என்ன நினைப்பார்கள்? மலைக்காரர்களுக்கு ஒரு பக்கத்தைக்கூட ஒழுங்காக நடத்தத் தெரியவில்லை என்று நினைப்பார்கள். அந்தப் பேர் எனக்கு வராது, கோகிலவாணிக்கு வரும்.

"சார், நான் சுபைர். அந்த மலைச் சாமை சைட்டை நடத்தறது நான்தான். காலையில நான் ஒரு கோப்புக்குத் தப்பான பேர் வெச்சிட்டேன். அதனாலதான் உங்களுக்கு மெத்தைக் கடை வந்துச்சு. அவங்க மேல ஒரு தப்பும் இல்லை, முழுக்க என் முட்டாள்தனம். இப்ப சரி பண்ணிட்டேன். சாமை அவங்க வூட்லதான் இருக்கு, உளுந்தூர்பேட்டையில இல்லை."

"அப்ப அந்தப் பெரியவர்?"

"என் மாமனார் சார்."

"ஆறு மெத்தை வாங்கிட்டேனே அவர்கிட்ட."

"நல்ல மெத்தை சார்."

சிரித்த மாதிரி இருந்தது, இருமல் போலவும் இருந்தது. "சரி, மூணு மணிக்கு மீட்டிங். பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

பாக்கலாம். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று டீக்கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்குக் கோகிலவாணியின் லைன் கிடைத்தது. பொறுமையாக எல்லாம் சொன்னேன். தப்பு என்னுடையது என்று இரண்டுமுறை சொன்னேன்.

"பரவால்லைங்கண்ணா."

"இப்ப தொறந்து பாரும்மா. எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குதுங்கண்ணா."

காலையிலும் இதே வார்த்தை, இதே குரல். தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"கோகிலா, காலையில உனக்கு இன்னா தெரிஞ்சுது?"

"ஒரு பெரியவரு. மெத்தை மேல உக்காந்துக்கினு. பதினாலு வூட்டுக்காரங்களும் வந்து பாத்தாங்க. 'யாருடி இந்த ஆளு, நம்ம சாமையை வித்துட்டு சிரிக்கறானா'ன்னு சித்தி கேட்டாங்க."

"அப்பவே எங்கிட்டச் சொல்லலாமில்ல?"

"நீங்க ஜம்முனு இருக்குன்னீங்க. அதுக்கு மேல நான் எப்படிங்கண்ணா..."

நல்லா இருக்கு என்று முதலில் சொன்னது அவள் இல்லை, நான்தான்.

மேலே போகாமல் இருசப்பன் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே போனால் என் சிக்னலும் போய்விடும், சென்னையிலிருந்து ஏதாவது கேட்டால் யார் பதில் சொல்வது? மூன்று மணிக்கு மழை பிடித்தது. கோமுகி அணைப் பக்கமிருந்து சாரல் அடித்து பெஞ்சின் ஒரு முனையை நனைத்தது, நான் மறுமுனைக்கு நகர்ந்தேன். சர்வரில் யார் வந்து போகிறார்கள் என்ற பதிவைத் திறந்து வைத்துக்கொண்டேன். மூன்று இருபத்தேழுக்கு ஒருவர் வந்தார். கியூஆர் கோடு வழியாக. முகப்புப் பக்கம், நிலத்துப் படங்கள், பதினான்கு குடும்பங்களின் பக்கம். அந்தப் பக்கத்தில் பத்து நிமிஷம் அசைவே இல்லை. படிக்கிறார்களா, அப்படியே வைத்துவிட்டு மெத்தையைப் பற்றிப் பேசுகிறார்களா?

"பரீட்சை ரிசல்ட்டா பாய்?" என்றார் இருசப்பன்.

"அந்த மாதிரிதாங்க. எழுதுனது வேற ஆளு."

நாலேகாலுக்குப் போன். கோகிலவாணி. அவளுக்குப் பின்னால் ஏகப்பட்ட குரல்கள் கேட்டன, ஒரு சேவலும் கூவியது.

"அண்ணா, சாப்டீங்களா?"

"கோகிலா, ஒரு தடவை நேரா சொல்லிடும்மா."

"சிவசங்கர் சாரு பேசுனாருங்க. இப்ப இருவது மூட்டை. வண்டி திங்கக்கிழமை வருதாம். அது வித்ததும் மிச்சத்தைப் பொங்கலுக்குள்ள எடுத்துக்கறேன்னாரு. சித்தி படத்தை அவங்க கடையில பெருசா ஒட்டப் போறாங்களாம்."

பக்கத்திலிருந்து சாலம்மாளின் குரல் கேட்டது: "அந்தப் பையங்கிட்ட சொல்லு, மொறைக்கற படம் வேணாம். நல்லதா ஒண்ணு எடுக்கச் சொல்லு!"

கண்ணில் சாரல்பட்டது, சாரல் அடிக்காத முனையில்தான் உட்கார்ந்திருந்தேன். போனை வைத்திருக்கலாம். சந்தோஷமான இடத்தில் நிறுத்திக்கொள்ளத் தெரியாத ஜென்மம் நான்.

"கோகிலா, ஒண்ணு கேக்கறேன். என் மேல கோவமா?"

'அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்கண்ணா' என்று வரும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் அதுதான் வரும். பின்னாலிருந்த குரல்கள் மெல்லக் குறைந்தன, போனோடு வெளியே நடந்து வந்துவிட்டாள் போலிருக்கிறது. மழைச் சத்தம் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கேட்டது.

"ஆமாங்கண்ணா," என்றாள். "காலையிலேர்ந்து. ரொம்பக் கோவம்."